அசல் வட்டகையில் ஊறிய கேழ்வரகு

காரைக்குடியில் பழைய சாமான் விற்கும் தெருவில் அன்வர் சாதிக்கின் கடையைக் கண்டுபிடிப்பது சுலபம். பெயர்ப்பலகை புதிதாகப் பளிச்சென்று இருக்கும் கடை அது ஒன்றுதான். மற்றவர்கள் பலகையையும் இற்றுப்போனதாகப் பார்த்து மாட்டியிருந்தார்கள். பலகை புதுசாக இருந்தால்தான் உள்ளே இருப்பது பழசு என்று ஜனங்கள் நம்புவார்கள் என்பது சாதிக் பாயின் கட்சி.

உள்ளே இருந்ததில் முக்கால்வாசி அந்தப் பலகையைவிடப் புதுசு.

கோட்டையூரில் காளிராஜ் என்று ஒருவர் இருக்கிறார். பழைய சாமான் செய்வது அவர் தொழில். இந்த வாக்கியத்தில் பிழை ஒன்றும் இல்லை. புதுப் பித்தளை விளக்கை வாங்கி, உரமும் புளியும் கரைத்து ஊற்றிய குழியில் புதைத்துவிடுவார். ஒரு மழைக்காலம் போய்த் தோண்டி எடுத்தால் விளக்குக்கு நூறு வயது ஆகியிருக்கும். புது எனாமல் தட்டின் விளிம்பைக் கூழாங்கல்லால் தட்டிப் பெயர்த்து, பெயர்ந்த இடத்தில் உப்புத் தண்ணீர் தடவித் துருவேற்றி, டீக்கடையிலிருந்து வாங்கி வந்த தூள் சக்கையில் ஊறப்போடுவார். இரண்டு தலைமுறை சாப்பிட்டுக் கழுவிய களை தட்டுக்கு வந்துவிடும். அவர் செய்வார், சாதிக் பாய் விற்பார். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு நல்ல மரியாதை.

இத்தனைக்கும் சாதிக் பாய் பொய் சொல்ல மாட்டார். கடையில் உட்கார்ந்த முதல் நாள் தன் தகப்பனாருக்குக் கொடுத்த வாக்கு அது. ஆகையால் உண்மையை மட்டுமே சொல்லி வியாபாரம் செய்யும் கலை அவருக்குக் கைவந்திருந்தது. இந்த விளக்கு எந்தக் காலத்தது என்று யாராவது கேட்டால், விளக்கைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பெருமூச்சு விடுவார். "அது எனக்குத் தெரியாதுங்க. எங்க அத்தா இருந்திருந்தா அவுகளுக்கும் தெரிஞ்சிருக்காது" என்பார். போன வருஷம் வார்த்த விளக்கைப் பற்றி, எப்போதோ மௌத்தாகிப்போன மனிதருக்கு எப்படித் தெரியும்? வந்தவர்கள் அந்தப் பெருமூச்சிலேயே விழுந்துவிடுவார்கள்.

ரசீது என்றால் மட்டும் அவருக்கு ஆகாது. பித்தளைக்கடையிலோ பாத்திரக்கடையிலோ வாங்கும் எதற்கும் கொடுத்த ரசீதை, கடைவாசலிலேயே நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். பழைய சாமானுக்குத் தேதி இருக்கக் கூடாது.

இப்படிப்பட்டவரிடம் சந்தேகத்துக்கு இடமில்லாத அசல் ஒன்றே ஒன்று இருந்தது. வாலிபத்தில், கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைப் பங்குதாரர்கள் பிரித்துக்கொண்டபோது, உக்கிராண அறையின் மூலையிலிருந்து அவரே கையால் எடுத்து வந்த எனாமல் வட்டகை. ஒரு குழந்தையை உட்காரவைத்துக் குளிப்பாட்டலாம், அவ்வளவு அகலம். வெளிப்புறம் எலுமிச்சை மஞ்சள், உட்புறம் நல்ல ஆரஞ்சுச் சிவப்பு, அடியில் எந்த நாட்டு எழுத்தென்று யாருக்கும் தெரியாத ஒரு முத்திரை. இதை அவர் கடைக்குக் கொண்டுபோனதே இல்லை. வீட்டுக்கூடத்தில் அலமாரி மேல் இருந்தது. அதில் தூசி தட்டும் உரிமை மட்டும் அவர் மனைவி பர்வீன் பானுவுக்கு உண்டு. ஒருநாள் ஏதோ அவசரத்தில் அரிசி களையப்போய் அந்த அம்மாள் வாங்கிக் கட்டிக்கொண்டது அந்தத் தெருவுக்கே தெரியும்.

மகள் ஜரீனா பிரசவத்துக்கு வந்தவள், இன்னும் சென்னைக்குத் திரும்பவில்லை. அங்கே ஒரு கம்பெனியில் கணக்குத் தணிக்கை வேலை. காகிதத்தில் ஆதாரம் காட்டாத எதையும் நம்பக் கூடாது என்று சம்பளம் கொடுத்துச் சொல்லித்தரும் வேலை. தகப்பனும் மகளும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தும் தொழிலில் இப்படி எதிரெதிராகப் போனது எப்படி என்று பர்வீன் பானு அவ்வப்போது வியப்பதுண்டு.

ஜரீனாவின் பாப்பாவுக்கு ஆறு மாதம் முடிந்தது. இனிப் பால் மட்டும் போதாது, கூழ் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னார். சாதிக் பாய் காத்திருந்தது இந்த நாளுக்காகத்தான். அவர் குடும்பத்தில் பிள்ளைக்கு முதல் வாய் ஊட்டுவது தாயைப் பெற்ற நன்னாவின் உரிமை. பிஸ்மில்லாஹ் சொல்லித் தன் கையால் ஊட்ட வேண்டும். மகன்கள் இரண்டு பேருடைய பிள்ளைகளும் வெளியூரில் பிறந்து, வெளியூர் நன்னாக்களின் கையால் முதல் வாய் தின்றுவிட்டன. மிச்சம் இருப்பது இந்த ஒரு வாய்தான். அடுத்த மாதம் ஜரீனாவுக்கு விடுப்பு முடிகிறது.

பர்வீன் பானு மெடிக்கல் ஷாப்பிலிருந்து ஒரு டின் வாங்கி வந்து வைத்தார். அன்றைக்குப் பார்த்து, துபாயிலிருந்து மருமகன் ஒரு செய்தியை அனுப்பினார். வெளிநாட்டில் கடைகளில் விற்கும் குழந்தை உணவை எடுத்துச் சோதித்தார்களாம். காரீயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் என்று ஒரு வார்ப்படக் கடைக்கு வேண்டிய சரக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருந்ததாம். ஜரீனா செய்தியை முழுக்கப் படித்தாள். அதற்குக் கீழே இருந்த மூலத்தையும் தேடிப் படித்தாள். பிறகு டின்னை எடுத்துப் பரணில் வைத்தாள்.

"உங்க மூணு பேரையும் டின்னுலதான் வளத்தேன். இப்ப என்ன கெட்டுப்போச்சு?" என்றார் பர்வீன் பானு.

"பெரியண்ணனைப் பாருங்கம்மா" என்றாள் ஜரீனா.

பர்வீன் பானு யோசித்துப் பார்த்தார். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

சாதிக் பாய்க்கு உலோகம் என்றால் தன் இலாகா. சட்டைப்பையில் எப்போதும் ஒரு காந்தம் வைத்திருப்பார். பித்தளை என்று சொல்லி எவனாவது முலாம் பூசிய இரும்பைத் தலையில் கட்டப் பார்த்தால் காட்டிக்கொடுக்கும் காந்தம். ஊரை நம்பவைப்பவர்கள் ஊரை நம்புவதில்லை. அவர் பரணிலிருந்து டின்னை இறக்கி, மாவை ஒரு தட்டில் கொட்டி, தண்ணீர் விட்டுக் கரைத்து, காந்தத்தை உள்ளே விட்டுக் கிண்டினார். வெளியே எடுத்தபோது காந்தத்தின் முனையில் மெல்லிய சாம்பல் நிறத் தூள் ஒட்டியிருந்தது. வீட்டில் இருந்தவர்களையும், வாசலில் கீரை விற்றவரையும், மாடி வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். லேபாரட்டரி எதற்கு, இதோ என்றார். மாடி வீட்டுக்காரர் தன் வீட்டு டின்னையும் எடுத்து வந்து சோதிக்கச் சொன்னார். அதிலும் ஒட்டியது. தெருவில் ஒரே பரபரப்பு.

ஜரீனா டின்னைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்துக் காட்டினாள். அது இரும்பு. பிள்ளைகளுக்கு ரத்தம் ஊறுவதற்காகக் கம்பெனிக்காரன் காசு கொடுத்துச் சேர்ப்பது. டின்னிலேயே போட்டிருக்கிறது. செய்தியில் சொன்ன உலோகம் எதுவும் காந்தத்தில் ஒட்டாது.

"அத்தா, நீங்க நல்லவனைப் புடிச்சு உள்ள போட்டுட்டீக" என்றாள்.

சாதிக் பாய் காந்தத்தைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஆனால் அதற்குள் அவருக்கு ஒரு தீர்மானம் பிறந்துவிட்டது. டின்னும் வேண்டாம், டின்காரனும் வேண்டாம். பேத்திக்கு மாவை நானே செய்கிறேன். எல்லாம் அசலாக.

வாழ்நாள் முழுக்க நகலை விற்றவர் அசல் என்று இறங்கினால் அதற்கு ஓர் அளவு இருக்காது. அமராவதிபுதூரில் வீரையா என்பவரிடம், உரமே போடாத கேழ்வரகு என்று வாங்கினார். உரம் போடவில்லை என்பதற்கு வீரையா சொன்ன காரணம் உரம் வாங்கக் காசில்லை என்பது. அதைவிட நம்பகமான காரணம் இருக்க முடியாது என்று சாதிக் பாய்க்குத் தோன்றியது. கேழ்வரகைக் கல் பொறுக்கிக் கழுவினார். ஊறப்போடப் பாத்திரம் வேண்டும். பர்வீன் பானு எடுத்து வந்த பிளாஸ்டிக் வாளியைப் பார்த்து முகம் சுளித்தார். நாற்காலி போட்டு ஏறி, அலமாரி மேலிருந்த வட்டகையை இறக்கினார்.

பர்வீன் பானு வாளியைக் கீழே வைத்தார். "நான் ஒருதடவை அரிசி களஞ்சதுக்கு ஒரு வாரம் பேசாம இருந்தீக."

"அது அரிசி. இது பேத்திக்கு."

அந்த ஆரஞ்சுச் சிவப்புக்குள் கேழ்வரகு ஊறிக்கிடந்த காட்சி, யாரும் குறை சொல்ல முடியாது, அழகாகத்தான் இருந்தது. ஒரு ராத்திரி ஊறினால் போதும் என்பார்கள். நல்ல காரியத்தில் சிக்கனம் எதற்கென்று சாதிக் பாய் இரண்டு நாள் விட்டார். தண்ணீர் புளித்து நுரை கட்டியது. அதுதான் சத்து என்றார். பிறகு துணியில் கட்டி முளைகட்டினார். முளைகட்டியதை மறுபடி அதே வட்டகையில் பரப்பி, மாடியில் வெயிலில் வைத்து, அகப்பையால் கரகரவென்று கிளறிவிட்டார். மாவு மில்லில் தனக்கு முன்னால் மிளகாய் அரைத்தவர்களை எல்லாம் அனுப்பிவிட்டு, மில்காரரை மிஷினைக் கழற்றித் துடைக்கவைத்து, முதல் ஈட்டைக் கோழிக்குப் போட்டு, அதன் பிறகே அரைத்தார்.

மாவு நல்ல வாசனையாக இருந்தது. மாடி வீட்டுக்காரர் கொஞ்சம் கேட்டார். மெடிக்கல் ஷாப்காரர், டின் விற்பனை படுத்துவிட்டது, பாக்கெட் போட்டுக் கொடுத்தால் என் கடையில் வைக்கிறேன் பாய் என்றார். சாதிக் பாய்க்குத் தலை லேசாகக் கிறுகிறுத்தது. மறுநாளே அச்சாபீசில் சொல்லி ஒரு கட்டுப் பிளாஸ்டிக் உறை அடித்துவிட்டார். மேலே "நன்னா மாவு" என்று பெரிதாக. கீழே, "கன உலோகம் அறவே இல்லை" என்று சிவப்பில். ஓரத்தில் வட்டகையின் படம்.

ஜரீனா உறையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"இல்லைங்கிறதுக்கு ஆதாரம்?"

"நான்தான் ஆதாரம்."

"மெடிக்கல் ஷாப்ல விக்கிற டின்னுக்கும் அதை அடிச்சவன் இப்படித்தானத்தா சொல்லுவான்."

பெற்ற மகள் தன்னை ஒரு டின் கம்பெனியோடு சேர்த்துப் பேசியதில் சாதிக் பாய் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மாவைக் கரைத்துக் கூழ் காய்ச்சிக் குடித்தார், அவ்வளவுதான். மாலையில் ஓர் உடன்படிக்கை ஆயிற்று. ஜரீனாவோடு கல்லூரியில் படித்த சத்தியப்பிரியா மதுரையில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறாள். இரண்டு கம்பெனி டின் மாவும் நன்னா மாவும் அவளுக்குப் போகும். நன்னா மாவு தேறினால் முதல் வாய் அதில்தான், நன்னா கையால்தான். தேறாவிட்டால் பாப்பா சென்னைக்குப் போய், அங்கே அம்மா கையால் எதையோ ஒன்றைத் தின்னும். முடிவு வரும்வரை பாப்பாவுக்கு மட்டுமல்ல, மாடி வீட்டுக்கும் மெடிக்கல் ஷாப்புக்கும்கூட ஒரு சிட்டிகை போகக் கூடாது.

சாதிக் பாய் கை அடித்துச் சம்மதித்தார். யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று சொன்னதால், காத்திருந்த நாட்களில் தானே தினமும் காலையில் ஒரு கிண்ணம் குடித்தார். தன் பொருளில் தனக்கு நம்பிக்கை இருக்கிறது என்று காட்ட வேண்டுமல்லவா. மூட்டுவலி குறைந்திருக்கிறது என்றார். அவருக்கு மூட்டுவலி இருந்ததே பர்வீன் பானுவுக்கு அன்றுதான் தெரியும்.

சத்தியப்பிரியா போனில் கூப்பிட்டாள். ஜரீனா எல்லோரும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். டின் மாவு இரண்டும் அளவுக்குள் இருக்கின்றன, ஒன்றில் மட்டும் காரீயம் தான் விரும்புவதைவிடக் கொஞ்சம் தூக்கல் என்றாள். சாதிக் பாய் தொடையைத் தட்டினார். சத்தியப்பிரியா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மூணாவது சாம்பிள் யாரோடதுடி? எங்க சார் இது மாவா பெயின்ட்டான்னு கேக்குறாரு."

காரீயம், காட்மியம் இரண்டுமே டின்னில் இருந்ததைப்போலப் பல மடங்கு. மிஷின் கோளாறோ என்று மறுபடி ஓட்டிப் பார்த்ததில் இன்னும் கொஞ்சம் கூடவே காட்டியதாம்.

பர்வீன் பானு கணவர் பக்கம் திரும்பி, "ஏங்க, நீங்க இதைத்தானே தினம் குடிச்சீக?" என்றார்.

அன்று சாயங்காலமே ஜரீனா அவரை இழுத்துப் போய் ரத்தம் கொடுக்கவைத்தாள். காரீயம் கவலைப்படும்படி இல்லை என்று வந்தது. சர்க்கரைதான் கவலைப்படும்படி இருந்தது. கூழில் அவர் போட்ட கருப்பட்டி அப்படி. குற்றவாளியைத் தேடிப் போன இடத்தில் வேறொருவன் பிடிபடுவது சாதிக் பாய்க்கு அந்த மாதத்தில் இரண்டாவது முறை.

ஆனால் அவர் மனம் சர்க்கரையில் இல்லை. விடுப்பு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. யாரோ தன் மாவில் காரீயத்தைக் கலந்திருக்கிறார்கள். யார்? யோசித்துவிட்டு நேராக அமராவதிபுதூருக்கு வண்டியை விட்டார். வீரையா வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். சாதிக் பாய் விஷயத்தைச் சொல்ல, வீரையா மண்வெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"ஏன் பாய், என் வயல்ல காரீயம் வெளஞ்சா நான் எதுக்குக் கேப்பை வெதைக்கிறேன்?"

ஆனாலும் சாதிக் பாய் விடவில்லை. மண், கிணறு, பக்கத்து ரோட்டில் போகும் லாரி என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார். வீரையா பொறுமையாக ஒரு மூட்டைத் தானியத்தைப் பிரித்துக் காட்டி, இதையும் கொண்டுபோய் உங்கள் மிஷினில் போடுங்கள், ஒன்றுமில்லை என்று வந்தால் இந்த வரப்பில் மிச்சத்தையும் நீங்களே வெட்டித் தர வேண்டும் என்றார். தானியம் மதுரைக்குப் போனது. சுத்தம் என்று வந்தது. மாவு மில்லில் அரைத்த வேறு மாவும் போனது. அதுவும் சுத்தம். வரப்பு விஷயத்தை வீரையா மறந்துவிட்டார் என்று சாதிக் பாய் நம்பினார். வீரையா மறக்கவில்லை. அது தனிக்கதை, அதில் சாதிக் பாயின் இடுப்பு சம்பந்தப்பட்டிருக்கிறது.

வயலும் இல்லை, மில்லும் இல்லை. அப்படியானால் நடுவில் என்ன இருக்கிறது என்று ஜரீனா கேட்டாள். நடுவில் தண்ணீர் இருக்கிறது, துணி இருக்கிறது, மாடி வெயில் இருக்கிறது. சாதிக் பாய் காற்றைக்கூடச் சொன்னார். சொல்லிக்கொண்டே ஒரு திசையில் மட்டும் பார்க்காமல் இருந்தார்.

"அந்த வட்டகை இருக்குல்ல" என்றார் பர்வீன் பானு.

"அது அசல்" என்றார் சாதிக் பாய்.

ஜரீனா ஏற்கெனவே சத்தியப்பிரியாவுக்குப் போன் போட்டிருந்தாள். பழைய எனாமலில் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் காரீயம், காட்மியம் இந்த இரண்டையும்தான் நிறையச் சேர்ப்பார்கள் என்றாள் சத்தியப்பிரியா. புளித்த தண்ணீர் இரண்டு நாள் நின்றால் இறங்கும், அகப்பையால் சுரண்டினால் இன்னும் இறங்கும். "அங்கிள், அது நெசமாவே பழசா? இப்ப வர்ற புதுசுன்னா இந்த அளவுக்கு இருக்காது. பழசுன்னா அதேதான்."

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாதிக் பாய்க்கு ஒரு சாமான் போலியாக இருந்துவிடக் கூடாதா என்ற ஆசை வந்தது.

அந்த ஆசை வந்ததற்குக் காரணம் உண்டு. வட்டகை போலியாக இருந்துவிட்டால் தவறு அதன்மேல் இல்லை. தன் கையால் பேத்திக்கு விஷம் ஊறவைத்தார் என்ற பேச்சும் இல்லை. என்ன, தான் ஏமாந்தவர் என்று ஆகும். அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார். ஐந்து நிமிஷம் கழித்து அதையும் தாங்க முடியாது என்று நினைத்தார். கடைசியில் காளிராஜுக்கு ஆள் அனுப்பினார்.

காளிராஜ் இந்த வட்டகையைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்று பல வருஷமாகக் கேட்டு, ஒருமுறைகூட அனுமதி கிடைக்காதவர். அது போலிதான், அதனால்தான் பாய் காட்ட மறுக்கிறார் என்று கோட்டையூரில் தனக்குள்ளே முடிவு கட்டியும் வைத்திருந்தார். இப்போது கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வட்டகையை மடியில் குழந்தையைப்போலப் போட்டுக்கொண்டார். விளிம்பை நகத்தால் தடவினார். பெயர்ந்த இடத்தின் துருவைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். கவிழ்த்து முத்திரையைப் பார்த்தார். மறுபடி நிமிர்த்தினார். ஜரீனா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பாப்பாவும் பார்த்தது.

"காளி, இது நீ பண்ணுனதுன்னு சொல்லிப்புடேன்" என்றார் சாதிக் பாய், மெதுவாக.

"பண்ணியிருந்தா மாரைத் தட்டிச் சொல்லியிருப்பேன் பாய்." காளிராஜ் பூதக்கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டார். "இந்தத் துருவை மனுஷன் ஏத்த முடியாது. இந்த மஞ்சளு இப்ப எங்கயும் கெடைக்காது. சுத்த அசலு. நான் இத்தனை வருசமாச் செஞ்சதெல்லாம் இதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல."

சாதிக் பாயின் முகத்தில் பெருமையும் துக்கமும் ஒரே சமயத்தில் வந்தன. இரண்டுக்கும் சேர்த்து அந்த முகத்தில் இடம் போதவில்லை. மீசை ஒரு பக்கம் ஏறியது, கண் கலங்கியது. கடையில் அவர் விற்ற எந்தப் போலி வட்டகையில் ஊறவைத்திருந்தாலும் பேத்தி இந்நேரம் கூழ் குடித்திருப்பாள். கோட்டையூர்க் கொட்டகையிலே குவிந்துகிடக்கும் காளிராஜ் சரக்கு எதிலும் இவ்வளவு விஷம் இல்லை. அசல் ஒன்றே ஒன்று வைத்திருந்தார். அது போதுமானதாக இருந்தது.

"அப்ப, என் கையால இல்லையா?" என்று மகளைப் பார்த்துக் கேட்டார்.

ஜரீனாவுக்கு அந்தக் குரலைக் கேட்டு என்னவோபோல் ஆகிவிட்டது. ஆனால் அவள் தணிக்கைக்காரி. மறுபடி செய்யுங்கள், மறுபடி சோதிப்போம், தேறினால் பார்க்கலாம் என்றாள். வட்டகை மட்டும் இனி இந்த வீட்டில் இருக்கக் கூடாது.

ஆகவே வட்டகை, வாழ்க்கையில் முதல் முறையாகக் கடைக்குப் போனது. அதன்மேல் ஜரீனா தன் கையாலேயே ஓர் அட்டை எழுதி ஒட்டியிருந்தாள்: "இதில் காரீயம் உள்ளது. சமைக்கவோ சாப்பிடவோ கூடாது." கடைக்கு வந்தவர்கள் அட்டையைப் படித்தார்கள். அப்படியா என்று கேட்டார்கள். பொய் சொல்லாத சாதிக் பாய், பேத்தி, கேழ்வரகு, மதுரை, மிஷின் என்று எல்லாவற்றையும் சொன்னார். கேட்டவர்கள் சந்தேகமே படவில்லை. சோதனைக்கூடமே சொன்ன பழசு! எல்லோரும் வட்டகைக்குத்தான் விலை கேட்டார்கள். அவர் கொடுக்க மறுத்ததும் மற்ற தட்டுகளைக் காட்டி, இதிலும் காரீயம் இருக்கிறதா என்று ஆவலாகக் கேட்டார்கள். "அதுல பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லைங்க" என்று அவர் உண்மையைச் சொன்னதும் முகம் வாடித் தட்டைக் கீழே வைத்துவிட்டார்கள்.

வியாபாரம் படுத்ததைப் பார்த்த காளிராஜ், தன் சாமான்களிலும் அதே மாதிரி அட்டை ஒட்டினால் என்ன என்று யோசனை சொன்னார். சாதிக் பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. இல்லாத விஷத்தை இருப்பதாகச் சொல்லி விற்க நான் என்ன மோசக்காரனா என்று கேட்டார். காளிராஜுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் போகும்போது இரண்டு பித்தளைக் குத்துவிளக்கை வெளியூருக்கு அனுப்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுற்றுவதற்குக் காகிதம் தீர்ந்துபோய், வீணாகக் கிடந்த "நன்னா மாவு" உறைகளை எடுத்துப் போர்த்தியிருந்தார்கள். விளக்கின்மேல் சிவப்பில் தெளிவாகத் தெரிந்தது: கன உலோகம் அறவே இல்லை.

இரண்டாவது ஈடு மாவை, பர்வீன் பானுவின் கண்காணிப்பில், எவர்சில்வர் குண்டானில் ஒரே ராத்திரி ஊறவைத்துச் செய்தார்கள். சாதிக் பாய் அகப்பையைத் தொட அனுமதிக்கப்படவில்லை. மாவு மதுரைக்குப் போயிற்று. சத்தியப்பிரியா போனில் சிரித்துக்கொண்டே தேறிவிட்டது என்றாள். இரண்டு டின்னையும்விடக் குறைச்சல் என்றாள். இதை அவள் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் சாதிக் பாய் இரண்டு முறை சொல்லச் சொன்னார்.

ஜரீனா சென்னைக்குப் போவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, சாதிக் பாய் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, வெள்ளைச் சட்டையோடு கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்தார். பர்வீன் பானு பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். கூழ் ஆறிப் பதமாக இருந்தது. கருப்பட்டி இல்லை. ஜரீனா கிண்ணத்தைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள். இரண்டும் பளபளவென்று இருந்தன. பளபளப்பு அந்த வீட்டில் எதையும் நிரூபிக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

"அத்தா, இந்தக் கிண்ணம் எப்ப உள்ளது?"

இந்தக் கேள்விக்கு வாழ்நாள் முழுக்க அவர் சொல்லிவந்த பதில் ஒன்று உண்டு. நாக்கு நுனிவரை வந்த பெருமூச்சை விழுங்கினார். சட்டைப்பையில் கையை விட்டார். காந்தம் வந்தது, அதைத் திரும்பப் போட்டார். மறுபடி துழாவி, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். கிழிக்காத ரசீது. கிண்ணம் ஒன்று, கரண்டி ஒன்று, இன்றைய தேதி.

ஜரீனா அதை வாங்கிப் படித்தாள். கடை முத்திரை இருக்கிறதா என்று திருப்பியும் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

சாதிக் பாய் பிஸ்மில்லாஹ் என்று சொல்லி, கரண்டி நுனியில் கொஞ்சமாக எடுத்து, பேத்தியின் வாயில் வைத்தார். பாப்பா அதை உள்ளே வாங்கியது. நெற்றியைச் சுருக்கியது. கொஞ்ச நேரம் எங்கோ பார்த்தபடி, விலை படியாத வாடிக்கையாளரைப்போல யோசித்தது. பிறகு முழுவதையும் நன்னாவின் வெள்ளைச் சட்டையில் துப்பியது.

சாதிக் பாய் சட்டையைத் துடைக்கவில்லை. இரண்டாவது கரண்டியை எடுத்தார். பாப்பா அவரைப் பார்த்தது, கரண்டியைப் பார்த்தது. எட்டிக் கரண்டியையே பிடித்து இழுத்துத் தானே வாயில் விட்டுக்கொண்டது. இந்த முறை உள்ளே போனது வெளியே வரவில்லை.

"மொத வாயைத் துப்பிருச்சு. அப்ப எது கணக்கு?" என்று கேட்டார் பர்வீன் பானு.

"மொதல்ல போனது சோதனைக்கு" என்றார் சாதிக் பாய்.